கனமான டிஸ்க்கை வாங்குங்கள்: ஊவாவின் பந்தய இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதுளை, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை, வெலிமடை, பசறை, லுணுகலைப் பக்கங்களில் காரோட்டப் பந்தயத்தில் மனம் வைத்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,



சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் நம் பக்கத்துக் கராஜ்களில் இரவிலும் விளக்கு எரியும். மகாகஸ்தோட்டை, ரதெல்ல, பொக்ஸ் ஹில் என்று பந்தயப் பேச்சு வளரும். நிசான் மார்ச், போர்ட் லேசர், மஸ்டா, பழைய மினி என்று கைக்கு எட்டிய காரை வைத்துக்கொண்டு நீங்கள் ஆயத்தமாவதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். என்ஜினுக்கு எவ்வளவு, டயருக்கு எவ்வளவு, சஸ்பென்ஷனுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு, மிஞ்சியதில் பிரேக்கைப் பார்க்கிறீர்கள். அந்த மிச்சக் காசிலும் உங்களில் பலர் தேடிப் போவது ஓட்டை போட்ட, பளபளக்கும் டிஸ்க்கைத்தான். அதைப் பற்றியே இந்த மடல்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காருக்கும், நீங்கள் ஓடும் பந்தயத்துக்கும், உங்கள் கையில் உள்ள காசுக்கும் ஏற்றது ஓட்டையும் கீறலும் இல்லாத, முழுத் தடிப்புள்ள, நிறை குறையாத சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க்தான். அதனால் மிச்சப்படும் காசைப் பிரேக் பேடுக்கும் பிரேக் ஒயிலுக்கும் கொடுங்கள். டிஸ்க் தேய்ந்துபோனால் மீண்டும் மீண்டும் கடைந்து காலத்தை ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

காசைப் பற்றி நான் லேசாகப் பேசவில்லை. 2024இல் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்திய தோட்டத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்து, மாதா மாதம் சேர்த்து வைத்து, ஒரு பழைய மார்ச்சை வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். அப்படிச் சேர்த்த காசு பகட்டில் கரையக் கூடாது என்ற அக்கறையும் இந்த மடலுக்கு ஒரு காரணம்.

டிஸ்க்கின் வேலை வெப்பத்தை விழுங்குவது

ஓடும் காரை நிறுத்தும்போது அதன் சக்தி எங்கோ மறைந்துவிடுவதில்லை. ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறி டிஸ்க்குக்குள் இறங்குகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் 386 கிலோ ஜூல் சக்தி இருக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் அது கால்வாசிதான். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது என்பதை ஒருபோதும் மறக்காதீர்கள்.

பிரேக் போடும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால் வேலையில் 70 சதவீதம் அளவு முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு பாகை சூடாக்க அரை கிலோ ஜூல் அளவு வேண்டும். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ என்றால், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தும்போது அவற்றின் வெப்பம் 54 பாகை அளவு ஏறும். அதே வேலையை 4 கிலோ டிஸ்க் செய்தால் ஏறக்குறைய 68 பாகை ஏறும். ஒரு தடவைக்கு இந்த வித்தியாசம் சிறிதுதான். ஆறுவதற்கு இடைவெளி கொடுக்காமல் பத்துத் தடவை பிரேக் போட்டுப் பாருங்கள். இரும்பின் எடை என்ன பேசுகிறது என்பது அப்போது புரியும்.

இனி நம் பாதைக்கு வருகிறேன். எல்லயிலிருந்து வெல்லவாய வரை இறங்கினால் ஏறத்தாழ 800 மீற்றர் கீழே வருகிறோம். அந்த 1,000 கிலோ கார் அவ்வளவு உயரத்தை இழக்கும்போது விடுவிக்கும் சக்தி, 100 கி.மீ. வேகத்திலிருந்து இருபது தடவை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கை டயரும் காற்றும் எடுத்துக்கொள்ளும். சரியான கியரில் இறங்கினால் என்ஜின் ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். கியரை விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் மிச்சம் அத்தனையும் டிஸ்க்கின் தலையில்தான். ஏறிய கியரிலேயே இறங்கு என்று கொழுந்து லொறி ஓட்டியவர்கள் சொல்லிக் கொடுத்தது இந்தக் கணக்கைத்தான்.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு அந்த எல்ல–வெல்லவாயப் பாதையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த விபத்தின் காரணத்தைத் தீர்ப்பது என் வேலையல்ல. பஸ்ஸின் பிரேக் அமைப்பும் உங்கள் காரின் அமைப்பும் வேறு. ஆனால் நாம் எந்த மலையில் வாழ்கிறோம், நம் பாதை ஒரு வாகனத்திடம் என்ன கேட்கிறது என்பதை அந்த இரவு ஊருக்கே காட்டியது.

தட்டையான ஊரில் இருப்பவன் பந்தயம் முடிந்ததும் பிரேக்கைப் பற்றி மறந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் பந்தயம் ஓடிய காரிலேயே வீடு திரும்புகிறீர்கள். நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியாக வெலிமடைக்கு இறங்க வேண்டும். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்க வேண்டும். மறுநாள் அதே காரில் அம்மாவை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறீர்கள். பந்தயத்துக்கென்று வாங்கும் டிஸ்க் இந்த இரண்டு வாழ்க்கைக்கும் தாங்க வேண்டும்.

ஓட்டை டிஸ்க் எதற்கு வந்தது?

டிஸ்க் பிரேக் பழைய யோசனை. பிரித்தானியப் பொறியியலாளர் பிரெட்ரிக் லான்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதைக் கவனித்தது 1953இல், டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோது. டிரம் பிரேக் பூட்டிய கார்கள் சூட்டில் பிடிப்பை இழந்துகொண்டிருந்த நேரத்தில், வளைவுக்கு மிக அருகில் வந்து பிரேக் போட ஜாகுவாரால் முடிந்தது. டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் விரைவாக ஆறியது. அன்று அது வென்றது வெப்பத்தை எதிர்த்து.

பிறகு வந்த காலத்துப் பேடுகள் கடும் சூட்டில் வாயுவைக் கக்கின. அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சிக்கிப் பிடிப்பைக் குறைத்தது. அதற்கு வழிவிடத்தான் ஓட்டையும் கீறலும் போடப்பட்டன. இன்றைய நல்ல பேடுகளில் அந்தத் தொல்லை மிகவும் குறைந்துவிட்டது. நோய் போன பிறகும் மருந்து அழகுக்காக நிலைத்துவிட்டது.

ஓட்டை போட்டால் கிடைப்பது கொஞ்சம் எடைக் குறைவு, மழையில் சிறிது விரைவான முதற் பிடிப்பு, பிறகு தோற்றம். கொடுப்பது அதைவிட அதிகம். ஓட்டை விழுந்த இடத்தில் வெப்பத்தை வாங்க இரும்பு இல்லை. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் விரிந்து சுருங்கும். அந்த இழுவிசை ஓட்டையின் விளிம்பில் போய்த் திரளும். முதல் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு வெடிப்பு ஓடிய டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர் மறுபடி அதை வாங்கமாட்டார். பொக்ஸ் ஹில் போன்ற மண் தடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: சேறும் பொடிக் கல்லும் ஓட்டைகளை அடைத்துவிடும். அந்தக் கல் பேடையும் அரிக்கும்.

பெரிய விலைக் கார்களில் ஓட்டை டிஸ்க் வருகிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கார்களில் டிஸ்க்கின் விட்டமும் தடிப்பும் மிகப் பெரியவை. ஓட்டைக்குக் கொடுத்த பிறகும் போதிய இரும்பு மிஞ்சும். 13 அல்லது 14 அங்குல ரிம்முக்குள் அடங்கும் சின்ன டிஸ்க்கில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? உங்களிடம் சாதாரண டிஸ்க் ஒன்று இருந்து, அதை லேத்திலோ துளைப்பானிலோ கொடுத்து ஓட்டை போட நினைத்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது உயிரோடு விளையாட்டு.

கீறல் டிஸ்க்கை நான் அவ்வளவு எதிர்க்கவில்லை. கீறல் பேடின் முகத்தைத் துடைத்துக்கொண்டே போகும். சூட்டில் கண்ணாடிபோல் இறுகும் மேற்பரப்பை அது அகற்றும். மண் தடத்திலும் நீண்ட சுற்றோட்டத்திலும் அதற்குப் பயன் உண்டு. பேட் வேகமாகத் தேயும், ஓசை வரும், விலையும் கூட. நல்ல பேடும் நல்ல ஒயிலும் போட்ட பிறகும் பிடிப்புக் குறைகிறது என்று நீங்களே உணர்ந்தால் அப்போது கீறல் டிஸ்க்கைப் பற்றி யோசியுங்கள். நடுப்பகுதி அலுமினியத்திலும் தட்டு இரும்பிலும் செய்யப்பட்ட இரு துண்டு டிஸ்க், காபன் செராமிக் டிஸ்க் எல்லாம் நமது வேலைக்கு வேண்டியதில்லை.

எந்தப் பந்தயத்துக்கு எது?

ஓட்டோகுரோஸ் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடம் அளவில் முடிந்துவிடும். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவதால் வேகமும் அதிகம் ஏறாது. டிஸ்க் சூடேறுவதற்குள் ஓட்டம் முடியும். அடுத்த முறை வருவதற்குள் அது ஆறியும்விடும். இதற்குக் கம்பனி அளவு சாதாரண டிஸ்க்கும் குளிரிலேயே கடிக்கும் நல்ல தெருப் பேடும் போதும். கடும் ரேஸ் பேட் போட்டால் எதிர் விளைவுதான்: அது சூடேறிய பிறகே சரியாகப் பிடிக்கும், சூடேறுவதற்கு உங்களுக்கு நேரமே கிடைக்காது.

மலையேற்றமும் அப்படித்தான். 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டைப் பாதையில் கார் மேலே ஏறுவதால் ஈர்ப்பு விசையும் பிரேக்குக்கு உதவுகிறது. ஆனால் முதல் வளைவுக்கு வரும்போது டிஸ்க் நுவரெலியாக் குளிரில் உறைந்திருக்கும். அங்கும் குளிரில் கடிக்கும் பேடே முக்கியம். அதே பேடோடு மாலையில் மூடுபனிக்குள் ஹக்கலைச் சரிவில் இறங்கப்போவதையும் நினைவில் வையுங்கள்.

மண் தடத்தில் டயரின் பிடிப்புக் குறைவு. சக்கரம் இறுகி வழுக்குவதற்கு முன் டிஸ்க் வாங்கும் வெப்பம் தார்ப் பாதையில் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். அங்கே எதிரி கல்லும் சேறும். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டை, காற்றுப் படட்டும் என்று கழற்றிவிடுகிறீர்கள். மண் தடத்துக்கு அதைக் கழற்றாதீர்கள். ஓட்டம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி, கல் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, டிஸ்க் ஆறிய பிறகு கழுவுங்கள்.

கடினமான பரீட்சை தார்ச் சுற்றோட்டம். கட்டுக்குருந்தையிலோ, கடல் கடந்து சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலோ சுற்றுச் சுற்றாக ஓடும்போது டிஸ்க் ஆறவே நேரம் இருக்காது. அங்கே போகிறவர்கள் நடுவில் காற்று வழி உள்ள டிஸ்க்கையே போட வேண்டும். உங்கள் காரின் ஏதாவது ஒரு மொடலில் கம்பனியே அப்படிப்பட்ட டிஸ்க்கும் கெலிப்பரும் பூட்டியிருந்தால் அந்தத் தொகுதியை முழுமையாக எடுத்து மாற்றுவது நல்ல வழி. அத்தோடு உயர் வெப்பம் தாங்கும் பேட், புதிய ஒயில், பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய். ஒரு பகட்டு டிஸ்க் சோடிக்குக் கொடுக்கும் காசை இவற்றுக்குக் கொடுங்கள். பலன் அதைவிடப் பல மடங்கு.

பெரிய விட்டமுள்ள டிஸ்க்கை முன்னால் மட்டும் போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் கம்பனி வகுத்த பிரேக் பங்கீடு குலைந்துவிடும். முன் சக்கரம் முந்தி இறுகி, பின் சக்கரம் தன் பங்கைச் செய்யாமல் போகும். உங்கள் கார்களில் பலவற்றுக்குப் பின்னால் டிரம்தான். அந்த டிரம்மையும் ஷூவையும் ஒழுங்காக வைத்திருப்பதே முன்னால் பெரிய டிஸ்க் போடுவதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.

வாங்கும்போது

வாகன இறக்குமதி 2020 முதல் ஐந்து வருடம் அளவு தடைப்பட்டிருந்ததால் நம் பாதைகளில் ஓடுவன பெரும்பாலும் பழைய கார்களே. பாகம் தேடி எல்லோரும் போவது கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு. அங்கே புதியதும் கிடைக்கும், ஜப்பானிலிருந்து கழற்றி வந்ததும் கிடைக்கும், பெயர் பெற்ற கம்பனியின் பெட்டிக்குள் வேறொன்றும் கிடைக்கும். ஏமாறாமல் இருக்க நான்கு காரியம் செய்யுங்கள்.

முதலாவது, கழற்றி வந்த டிஸ்க்கை வாங்காதீர்கள். என்ஜின், கியர் பெட்டி எல்லாம் பழையதாக வாங்கலாம். தேய்ந்து மெலிவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பாகத்தை இன்னொருவர் தேய்த்த பிறகு வாங்குவதில் பொருள் இல்லை.

இரண்டாவது, தடிப்பை அளந்து பாருங்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணே இல்லாத டிஸ்க்கைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது, நிறுத்துப் பாருங்கள். நாள் முழுக்கப் பறித்த கொழுந்தைத் தராசில் வைத்து, அரைக் கிலோ குறைந்தாலும் கேள்வி கேட்கும் மக்கள் நாம். அதே கண்டிப்பு டிஸ்க்குக்கும் வேண்டும். கம்பனி டிஸ்க்கின் எடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, புதியதைத் தராசில் ஏற்றுங்கள். அளவு ஒன்றாக இருந்தும் எடை குறைந்தால், உள்ளே இருக்கும் தட்டோ, காற்று வழியைப் பிரிக்கும் செட்டையோ மெலிந்திருக்கிறது என்று பொருள். பளபளப்பு பொய் சொல்லும், தராசு சொல்லாது.

நான்காவது, சோடியாக வாங்குங்கள். இடதுக்கு ஒன்று புதிது, வலதுக்கு ஒன்று பழையது என்றால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். உள்ளே இருக்கும் செட்டை வளைந்த வகையாக இருந்தால் இடது வேறு, வலது வேறு. செட்டைகள் காற்றை நடுவிலிருந்து வெளியே தள்ளும் பக்கமாகச் சுழல வேண்டும். மாறிப் பூட்டினால் டிஸ்க் சரியாக ஆறாது. துரு பிடிக்காதபடி கிண்ணமும் விளிம்பும் பூச்சிட்ட டிஸ்க் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். மழையும் பனியும் விடாத நம் ஊருக்கு அது பொருந்தும்.

கடைவதா, மாற்றுவதா?

ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று உடனே லேத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். பல நேரம் டிஸ்க் வளைந்திருக்காது. பேடின் பொருள் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் ஒட்டிக்கொள்வதே நடுக்கத்துக்குக் காரணம். கடும் சூட்டில் காரை நிறுத்தி, காலைப் பிரேக்கில் வைத்தபடி நிற்பதால் அப்படி ஒட்டும். ஒட்டிய இடம் மேலும் சூடாகும். அங்கே இரும்பின் அமைப்பே மாறி, கடைந்தாலும் முழுவதும் போகாத கடினப் புள்ளியாகிவிடும்.

இன்னொரு காரணம் டிஸ்க் வந்து அமரும் ஹப்பின் முகத்தில் படிந்த துரு. அங்கே ஒரு மெல்லிய துருப் படலம் இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பு ஆடும். பெரும்பாலான கார்களுக்கு அந்த ஆட்டம் ஒரு மில்லி மீற்றரின் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டக் கூடாது. டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள்.

கடைவதில் உள்ள நஷ்டத்தையும் கணக்குப் பாருங்கள். சின்னக் கார்களில் புதிய தடிப்புக்கும் தூக்கி எறிய வேண்டிய தடிப்புக்கும் நடுவில் பெரும்பாலும் 2 மில்லி மீற்றர் அளவே இருக்கும். ஒரு பக்கத்துக்கு அரை மில்லி மீற்றர் கடைந்தால் பாதி ஆயுள் போய்விட்டது. காற்று வழி உள்ள 20 மில்லி மீற்றர் டிஸ்க்கில் நடு இடைவெளி 8 மில்லி மீற்றர் என்றால், இரண்டு தட்டிலும் சேர்த்து இருப்பது 12 மில்லி மீற்றர் இரும்புதான். அதில் 2 மில்லி மீற்றர் போனால் வெப்பம் வாங்கும் இரும்பில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. கடைந்து மெலிந்த டிஸ்க்கோடு சந்தைக்குப் போய்வரலாம்; பந்தயத்துக்குப் போக வேண்டாம்.

வெடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றோட்டம் ஓடிய டிஸ்க்கில் முடிபோன்ற மெல்லிய கோடுகள் தெரிவது வழக்கம். நகத்தை வைத்து இழுக்கும்போது அதில் மாட்டினால், அல்லது கோடு விளிம்பைத் தொட்டால், அன்றே கழற்றிவிடுங்கள்.

பூட்டும்போதும் பிறகும்

புதிய டிஸ்க்கில் துருத் தடுப்பு எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைப் பிரேக் கிளீனர் கொண்டோ, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி உடனே உலர்த்தியோ அகற்றுங்கள். மண்ணெண்ணெயில் துடைத்தால் எண்ணெய்ப் படலம் மிஞ்சி பேட் கெட்டுவிடும். ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவு இறுக்கத்தில் பூட்டுங்கள்.

அடுத்தது பேடையும் டிஸ்க்கையும் பழக்குவது. பதுளை–பண்டாரவளைப் பாதை இதற்கு ஏற்றதல்ல. வெல்லவாயவுக்குக் கீழே புத்தளைப் பக்கமோ, மகியங்கனைச் சமவெளியிலோ பின்னால் வாகனம் வராத நேரம் பாருங்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, முதலில் மெதுவாகவும் பிறகு சிறிது சிறிதாக அழுத்தியும் எட்டுப் பத்துத் தடவை குறையுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம். பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். இதைச் செய்யாமல் நேரே பந்தயத்தில் இறக்கிய டிஸ்க் முதல் நாளே நடுங்கத் தொடங்கலாம்.

ஓட்டம் முடிந்ததும் சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இராவணா எல்ல அருவி பக்கத்தில் இருக்கிறதென்று கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு வெடித்துவிடும்.

பிரேக் ஒயிலை மறந்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். டொட் 4 ஒயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த பிறகு அதன் உத்தரவாதம் 155 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்த ஒயிலில் ஆவி குமிழும்; மிதித்தால் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. டிஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த நொடியில் உதவாது. ஈரம் நிறைந்த நம் ஊரில், பந்தயம் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் ஒயிலை மாற்றிவிட வேண்டும். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் ஒயிலுக்குக் கடத்திவிடும்.

தடத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

2024 ஏப்ரல் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து வருடங்களுக்குப் பிறகு நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தைப் பார்க்க ஊவா முழுவதிலுமிருந்து சனம் திரண்டிருந்தது. ஒரு கார் தடத்தை விட்டுப் பாய்ந்து கூட்டத்துக்குள் புகுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அந்த விபத்து பிரேக்கால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு எனக்கு உரிமையும் இல்லை. நான் சொல்வது வேறு. நமது பந்தயங்களில் தடத்துக்கும் சனத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் குறைவு. அங்கே நிற்பவர்கள் நம் அயலவர், நம் பிள்ளைகள், கொடி பிடிக்க வந்த நம் நண்பர்கள். மஞ்சள் கொடி தெரிந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டியது ஓட்டுபவரின் கடமை. குறைக்க முடிகிற காரைத் தடத்துக்குக் கொண்டுவருவதும் அதே கடமையில் அடங்கும். என்ஜினில் குறை இருந்தால் தோற்பது நீங்கள் மட்டும். பிரேக்கில் குறை இருந்தால் அதன் விலையை வேறு யாரோ கொடுக்க நேரிடும்.

ஆகவே பந்தய ஏற்பாட்டாளர்களிடம் நாமே முன்வந்து ஒன்றைக் கேட்போம். பந்தயத்துக்கு முன் நடக்கும் வாகனப் பரிசோதனையில் ஒவ்வொரு காரிலும் ஒரு முன் சக்கரத்தையாவது கழற்றி, டிஸ்க்கின் தடிப்பை மைக்ரோமீற்றரால் அளந்து, வெடிப்பைப் பார்த்து, பதிவு செய்யுங்கள் என்று கேட்போம். குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போன கார் எவருடையதாக இருந்தாலும் ஓட விடக் கூடாது. இதனால் நம்மில் சிலர் ஒரு பந்தயத்தை இழக்கலாம். இழக்கட்டும். பந்தயம் ஊராரின் நம்பிக்கையில்தான் நடக்கிறது. அந்த நம்பிக்கை இன்னொரு முறை உடைந்தால் மலைநாட்டில் பந்தயமே இருக்காது.

சேர்ந்து செய்யக்கூடியது

தனித்தனியாகச் செய்தால் செலவு. சேர்ந்து செய்தால் பெரிய பாரமில்லை. பண்டாரவளையில் ஒன்று, பதுளையில் ஒன்று என்று நல்ல கராஜ் இரண்டைத் தெரிந்தெடுங்கள். எல்லோரும் பங்கு போட்டு அங்கே ஒரு மைக்ரோமீற்றரும் ஒரு டயல் கேஜும் வாங்கி வையுங்கள். ஒரே வகைக் கார் ஓட்டுகிறவர்கள் கூடி, டிஸ்க்கையும் பேடையும் மொத்தமாக வாங்குங்கள். கடைக்காரர் விலையும் குறைப்பார், போலியைத் தலையில் கட்டவும் தயங்குவார். ஒவ்வொரு காருக்கும் ஒரு கொப்பி போடுங்கள். எந்தத் திகதியில் டிஸ்க் மாற்றியது, அன்றைய தடிப்பு, ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் உள்ள தடிப்பு, ஒயில் மாற்றிய திகதி, போட்ட பேட் எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு பருவம் போனால், எந்த டிஸ்க் நம் தடத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை உங்கள் கொப்பிகளே சொல்லும். எந்த விளம்பரத்தையும்விட அது நம்பகமானது.

தோட்டத்துப் பிள்ளைகள் கார்ப் பந்தயம் ஓடுவதை வீண் வேலை என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு இயந்திரத்தைப் பிரித்துப் புரிந்துகொண்டு, அளந்து, திருத்தி, அதைக் கட்டுக்குள் வைத்து ஓட்டுவது பெரிய கல்வி. அந்தக் கல்வி வேகமாக ஓடுவதோடு முடியக் கூடாது. நிறுத்துவதிலும் தேர்ச்சி வேண்டும்.

அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் மகிழ்ச்சியோடு போங்கள். நானும் பார்க்க வருவேன். குறைந்திருந்தால் புதிய சோடி வாங்கும்வரை பொறுங்கள். பந்தயம் அடுத்த வருடமும் வரும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவன்,
பண்டாரவளை.